தூக்க முடியாத மீன் தொட்டி

எனக்கு முடிவெடுக்க வராது. ஓட்டலில் சர்வர் வந்து நின்றால், பக்கத்து மேஜைக்காரர் எதைச் சாப்பிடுகிறாரோ அதையே எனக்கும் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் அரசாங்கம் ஒரு தாளை நீட்டி, உனக்கு எந்த மாநிலம் வேண்டும் என்று கேட்டது.

ஆந்திரம் தனியாகப் பிரிந்த வருஷத்துப் புரட்டாசி அது. நான் சித்தூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. சித்தூர் ஆந்திரத்தோடு போயிற்று. சென்னை ராஜ்யத்துக்கே திரும்ப விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் நைனா இருந்தது சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அது அப்போது சென்னைப் பக்கம். மகன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என் மனைவிக்கோ சித்தூரை விட்டு நகர மனமில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் என் மாற்றல்களால் ஐந்து வீடு மாறியவள். ஒவ்வொரு முறையும் ஏதாவது உடையும், இல்லையென்றால் காணாமல் போகும். ஒரு தடவை அம்மிக்குழவியே தொலைந்தது. அது எப்படித் தொலையும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எங்கள் மேலதிகாரி சென்னைக்குக் கிளம்பினார். கொண்டுபோக முடியாத சாமான்களை வாசலில் பரப்பி விற்றார். நாங்களும் போனோம். ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு ஜமுக்காளம், ஓரத்தில் ஒரு மீன் தொட்டி. இரும்புச் சட்டம், அடியில் கல் பலகை, நாலு பக்கமும் கண்ணாடி. முன்பக்கக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. சட்டத்தில் துரு. மூலைகளில் கண்ணாடியைப் பிடித்திருந்த லப்பம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"தண்ணீர் நிற்குமா சார்?" என்று கேட்டேன்.

"விரிசல் வருவதற்கு முன்னால் நின்றது" என்றார். நேர்மையான மனிதர்.

என் மனைவி தொட்டியைச் சுற்றி வந்தாள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"இன்னா கனம் கனக்குது பாருங்க. இத வாங்கிக்கலாம்."

"இத எப்பிடித் தூக்கிக்கினு போறது?"

"நம்ம ஊட்டுக்கு ஒருவாட்டி தூக்கிக்கினு போனா போதும். அப்பறம் எதுக்குத் தூக்கணும்?"

அவள் எதை வாங்க வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் என் சட்டைப்பையில் இருக்கும் தாளுக்கும் பதில் எழுதியாகிவிடும். நான் வழக்கம்போல நழுவினேன். திருப்பதிக்குப் போய் விசாரிக்கிறேன், அளவுக்குக் கண்ணாடி கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் வேண்டாம் என்றேன். புரட்டாசியில் திருப்பதியில் கண்ணாடிக் கடைக்காரனுக்கு மூச்சு விட நேரமிருக்காது. நம் முடிவை அவனே எடுத்துவிடுவான் என்று நம்பினேன்.

நான் போன கடையில் தரையிலிருந்து கூரை வரை பெருமாள் படங்கள். கடைக்காரர் தலை நிமிராமலே, "எந்த சாமி? எந்த சைஸ்?" என்றார்.

"சாமி இல்லீங்க. மீனு."

கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புரட்டாசியில் மீன் பேச்சை எடுக்கிறவனைப் பார்க்கும் பார்வை. துரத்திவிடப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவரோ கொஞ்சம் யோசித்து, "பர்வாலேது. மச்சாவதாரமும் பெருமாள்தானே" என்றார். படத்துக்குப் போடும் கண்ணாடி தண்ணீர் பாரத்தைத் தாங்காது என்று சொல்லி, அலமாரிக்கு வைத்திருந்த தடித்த கண்ணாடியை அளவாக அறுத்து, வைக்கோல் வைத்து, கோணியில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார். தப்பிக்க வழி இல்லாமல் போயிற்று.

பஸ்ஸில் கூட்டம். நான் கோணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறியதும் மொட்டைத்தலைகள் எல்லாம் விலகி வழிவிட்டன. திருப்பதியிலிருந்து அந்த வடிவத்தில் ஒருவன் வேறு எதை எடுத்துக்கொண்டு போவான்? ஒரு பெரியவர் எழுந்து, "சாமிய இங்க உக்கார வையுப்பா" என்றார். கண்ணாடி உட்கார்ந்தது. நான் நின்றேன். ஒரு அம்மாள் கோணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கதம்பத்தைக் கயிற்றில் செருகினாள். இது மீன் தொட்டிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தார். நானும் சேர்ந்து "கோவிந்தா" என்றேன். சித்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

பூ வைத்த கட்டைப் பார்த்ததும் மனைவி வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே மாட்டு வண்டியில் தொட்டி வந்தது. மூன்று பேர் இறக்கினார்கள். சுண்ணாம்புத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டு அவளே லப்பம் பிசைந்தாள், பூரிக்குப் பிசைகிற மாதிரி. துருவைச் சுரண்டியது நான். ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம், ஒழுகியது. மறுபடி அடைத்தோம், மறு மூலையில் ஒழுகியது. ஒவ்வொரு ஒழுகலிலும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. மூன்றாம் முறை ஒழுகவில்லை. ஏரிக்கரையில் வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்த மீன்காரர் குடத்தில் ஏழு கெண்டைக் குஞ்சுகளைக் கொடுத்தார்.

தாளைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நைனா வந்தார். திருமலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு நேராக வீட்டுக்கு. தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாடா இது? புரட்டாசி கழிஞ்சதும் துன்றதுக்கா உசுரோட வெச்சிக்கினு கீற?"

"துன்றதுக்கு இல்ல மாமா. பாக்கறதுக்கு" என்றாள் என் மனைவி.

"மீன வெறும பாத்துக்கினு இருப்பாங்களா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "சரி, எப்ப நம்மூருக்குக் கெளம்பற?" என்றார்.

வரமாட்டேன் என்று சொல்வதற்குப் பதிலாகத் தொட்டியைக் காட்டினேன்.

"இத தூக்க முடியாது நைனா."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து நிஜமாகவே தூக்கிப் பார்த்தார். மீன்கள் ஒரு மூலைக்கு ஓடின. சந்தனம் வியர்வையில் வழிந்து புருவத்துக்கு வந்தது. தொட்டி அசையவில்லை.

"சரி" என்றார். மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். கொல்லைப்புறம் போய் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். மறுநாள், இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

சில வருஷம் கழித்து எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. சத்தியவேடு, நைனாவின் கிராமத்தோடு சேர்ந்து, எங்கள் ஆந்திரப் பக்கம் வந்தது. அந்த வாரமே நைனா சித்தூருக்கு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்தத் தொட்டிய தூக்க முடியாதுன்னு சொன்ன இல்ல" என்றார். "எங்க ஊரையே தூக்கினு வந்து உங்க பக்கம் வெச்சிட்டாங்கடா."

என் மனைவி பொரி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார்.