அச்சுக்குப் போகாத அத்தியாயம்

நாடகக் கம்பெனிக்கு வசனம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த நான் நாவல் எழுத உட்கார்ந்தது, கம்பெனி கலைந்துபோன வருஷத்தில். பாலக்காட்டில் குடியிருந்த வீட்டின் முன்னறையில் எழுதி, மாதம் ஓர் அத்தியாயமாகப் பத்திரிகைக்கு அனுப்புவேன். கதையில், தானிய வியாபாரி ஒருவனின் மனைவி உச்சிவேளையில் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அவள் முழுக்க என் கற்பனை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பட்டப்பகலில் கோவிந்தாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் அந்தப் பத்திரிகையின் நான்கு இதழ்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏனுங்க, எங்கக்காவ நீங்க எங்க பாத்தீங்க?” என்றார்.

அவருடைய அக்காள் ஏழு வருஷத்துக்கு முன் காணாமற்போனவளாம். பெயர்தான் வேறு. கொதித்துக்கொண்டிருந்த உலை, வளைந்த சுண்டுவிரல், மேற்குச் சுவரில் அடைத்துப் பூசிய ஜன்னல், எல்லாம் அவள் புருஷன் வீட்டில் இருந்தபடியே எழுதியிருக்கிறேனாம். கோவிந்தாபுரத்துக்கு நான் போனதே இல்லை என்றேன். அவர் கையிலிருந்த இதழ்களைப் புரட்டினார்.

“அரிசிப் பானைக்குள்ள மெட்டியக் கழட்டிப் போட்டுட்டுப் போச்சுங்க. அத மட்டும் ஏன் எழுதாம உட்டுட்டீங்க?”

அதையும் எழுதியிருந்தேன், அன்று காலையில்தான். அந்தத் தாள் மேஜைமேல் ஒரு புத்தகத்துக்கு அடியில் கிடந்தது.

“இப்ப எங்கிருக்குதுங்க?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் அவளை ஆற்றில் இறங்கிச் சாகவிடுவதாக இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. கம்பம்மெட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள் என்றேன். அந்த ஊர்ப் பெயர் எப்படி நாக்கில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு மனிதரை வீணாக மலையேற அனுப்பிவிட்டேனே என்று பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆற்றை எழுதவும் கை வரவில்லை. கதையிலும் அவளைக் கம்பம்மெட்டுக்கே அனுப்பி முடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அக்காவைப் பார்த்துவிட்டாராம். ஏலக்காய்க் கிடங்கில்தான் இருந்தாளாம். ஊருக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கீழே, வேறு கையெழுத்தில் ஒரே ஒரு வரி: “இனிமேல் என்னைப் பற்றி எழுத வேண்டாம்.”

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டேன்.

பிறகு பேசும் படம் வந்தது. கதை வசனம் எழுத என்னையும் அழைத்தார்கள். அந்த நாவலைத்தான் கேட்டார்கள். கடைசியில் அவள் செத்தால்தான் ஜனங்கள் அழுவார்கள், அப்படி மாற்றிக் கொடுங்கள் என்றார் படக்கம்பெனி முதலாளி. மூன்று நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம், மலைமேல் குனிந்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. நாலாம் நாள் முடியாது என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு புராணக் கதையை எழுதிக் கொடுத்தேன்.