அரையிஞ்ச்சின் இஞ்ச் டேப்

தையல் கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் அரையிஞ்ச். யார் துணி கொடுத்தாலும், "உடம்பு நாளைக்கே ஏறும்" என்று உள்ளே அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பாள். வாய் மட்டும் நூலளவுகூட விட்டுக்கொடுக்காது. ஊசி முறிந்தால் மெஷினுக்குத் திட்டு, மெஷின் ஒழுங்காய் ஓடினால் புருஷனுக்குத் திட்டு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அந்த மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுவான்.

அவன் பயந்ததெல்லாம் அவள் மௌனத்துக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் மனச்சோர்வு வந்து படுத்தவள், நாலு மாதம் தலை வாரக்கூட எழவில்லை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரைதான் அவளை மறுபடி மெஷின் முன்னால் உட்காரவைத்தது. பிள்ளை உண்டானபோது, "நிறுத்தினா பழையபடி ஆகிடலாம். தொடருவோம், குழந்தை வளர்றதையும் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டரம்மா.

எல்லாம் நன்றாய்த்தான் போனது, கவுன் தைக்க ஒரு மகராசி வந்து சேரும்வரை. மெஷின் மேல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, "அந்த மாத்திரையா போடுறே? வயித்துல குழந்தை வளராதாமே!" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டாள், நாசமாய்ப் போக.

அரையிஞ்ச் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டு எழுந்தாள். எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் வயிறு இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது நினைவில் இருந்தது. அளக்கிறது அவள் தொழிலாச்சே! கதவைச் சாத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை நர்ஸ் வைக்கிற மாதிரியே அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கி வைத்துப் பார்த்தாள். வாரம் முப்பது. டேப்பில் இருபத்தேழு. ஐந்து முறை பார்த்தும் அதேதான். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் வீடு அமைதியாகிவிட்டது. புருஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தான். ஊஹூம், ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டரம்மா வயிற்றை அளந்தார். "முப்பத்தொண்ணு. கணக்கா இருக்கு."

படுத்திருந்தவள் வெடுக்கென்று எழுந்தாள். "உங்க டேப் தப்பு டாக்டர்! காலையிலகூட அளந்தேன், இருபத்தெட்டுதான் இருக்கு!" பையிலிருந்து தன் டேப்பை உருவினாள்.

இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இழுத்து இழுத்து அவளுடையது நீண்டுபோயிருந்தது; அதன் இருபத்தெட்டு டாக்டரம்மா டேப்பின் முப்பத்தொண்ணுக்கு நேராக நின்றது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதை வெச்சா இத்தனை வருஷமா தைக்கிறீங்க? யாரும் சண்டைக்கு வரலியா?"

"எதுக்கு வரணும்? ஆளையும் இதாலதான் அளந்தேன், துணியையும் இதாலதான் வெட்டினேன்" என்றவளுக்கு உடனே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாத்திரையை நிறுத்தியதையும் சொல்லிவிட்டாள்.

அன்றே எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை சரியாகவே இருந்தது. "இந்த மாத்திரையால சில குழந்தைங்க எடை கொஞ்சம் குறைவா பொறக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது, இல்லேங்கல. அதுக்குத்தானே அளக்கிறோம்? ஆனா நீங்க சாப்பிடாம தூங்காம கிடந்தாலும் குழந்தைக்குக் கஷ்டம்தான்மா. இனிமே என்னைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்று டாக்டரம்மா மாத்திரையை மறுபடி எழுதினார்.

புது டேப் வாங்கினார்கள். மாத்திரை வேலை செய்ய நாளெடுத்தது. புருஷன் விடாமல் தினமும் துண்டைக் கட்டிலில் போட்டுவந்தான்.

நாலாவது வாரம் ஒரு காலை, உள்ளேயிருந்து கத்தல் வந்தது. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணு அவிஞ்சு போச்சா?"

ஓடிவந்து வாசலில் நின்றான். "இன்னொரு தடவை சொல்லு."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று துண்டை அவன்மேல் எறிந்தாள். அவன் அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.