மூக்கு முதலில் சொன்னது

சில நாள் முன்பு காலையில் படூரில் இருக்கும் நடேசனின் மகன் கூப்பிட்டான். "அங்கிள், அப்பா போயிட்டாரு. கேஸ் லீக்காயிருக்கு. தெரியாம அடுப்பப் பத்த வச்சிட்டாரு." முந்தின நாள்தான் தொலைபேசியில் என்னை வம்புக்கிழுத்த மனிதர். உங்களுக்கெல்லாம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் அலுவலகப் பேருந்தில் வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். சாயங்காலம் கல்பாக்கத்தில் ஏறியதுமே நாம் தூங்கிவிடுவோம். அவரும் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஜன்னல் வழியே வரும் வாசனையை வைத்தே ஊர் சொல்லிவிடுவார். "மச்சான், பூக்கட வந்துடுச்சி, எயுந்திரு" என்று அவர் குரல் கொடுத்தால் திருக்கழுக்குன்றம் என்று அர்த்தம். அவரை நம்பித்தான் நாம் தூங்கினோம்.

ஒரு நாள் அவர் வாயே திறக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்காரர்கள் அத்தனை பேரும் செங்கல்பட்டில் போய் விழித்தார்கள். "இன்னா அண்ணாத்த, மூக்குக்கு லீவா?" என்று ஓட்டுநர் கேட்க, பேருந்தே சிரித்தது. "சளிப்பா" என்றார் நடேசன். நாமும் சளி என்றே நம்பினோம். மறுநாள் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தவர்கள்கூட உண்டு.

சளி போயிற்று, வாசனை திரும்பவில்லை. பல வருடம் கழித்து அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தபோது நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பார்க்கின்சன் நோய் என்றார். மூளையில் சில செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனையை அறியும் பகுதியில் மாற்றம் தொடங்கிவிடலாம். வாசனை போன எல்லோருக்கும் இந்த நோய் வராது, இவருக்கு அதுவே முதல் அறிகுறியாக இருந்திருக்கும் என்றார். நடேசன்தான் சிரித்தார். "அப்ப பஸ்ஸுல நீங்கல்லாம் சிரிச்சிகினு இருந்தப்பவே உள்ள வேல நடந்துகினு இருந்துச்சா!"

அதன்பின் அவர் மனைவி மல்லிகாதான் அவருக்கு மூக்கு. பால், குழம்பு, கேஸ் எல்லாவற்றையும் அவரே முகர்ந்து சொல்வார். ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் நடேசன் என்னிடம், "இன்னா வாசன வருது, சொல்லு" என்றார். "கடல் வாசனை" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அது கண்ணுலயே தெரியுது. இஸ்து மோந்து பாத்து சொல்லுய்யா. இல்லாதத மட்டும் சொல்லாத." மீன் வறுவல், படகு டீசல், யாரோ பெண்ணின் தலையில் வாடிய மல்லி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடேசன் இறந்த அன்று மல்லிகா மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். "போய்ட்டு வா, நான் இன்னா கொயந்தையா?" என்று அனுப்பிவைத்தவரே நடேசன்தான். மதியம் மகன் வருவதாக இருந்தது. அதற்குள் டீ குடிக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் மல்லிகா என் கையைப் பிடித்தார். "அண்ணா, கேஸ் வாசன இன்னும் அடிக்குதா? எனக்கு அடிச்சிகினே கீது." ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. இல்லையம்மா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். எழுந்துபோய் ஒவ்வொரு அறையாக முகர்ந்து பார்த்துவிட்டு வந்து, "இல்லம்மா" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடியும் எழுந்து போனேன். நடேசன் எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான்.