மேட்டுக்கார அக்கா வாங்கிய விதைப்பு மிஷின்

ஒரே ஒரு மழையில் மேட்டு வயலின் மேல்மண் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. ரோட்டு வேலைக்காரர்கள் இரண்டு நாள் அதை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். வயலுக்குச் சொந்தக்காரி லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அது என் மண்ணுப்பா. எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். கடைசி லாரி போகும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவரை நாங்கள் மேட்டுக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் அவரும் சேர்ந்து கோதுமையும் பயறும் போட்டுவந்தார்கள். டிராக்டரில் ஏறுவது எப்போதும் அக்காதான். தம்பி அதிர்ந்து பேசாத மனுஷன். நான் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். விவசாயிகள் சங்கத்தின் கட்டடம் என் பட்டறைக்கு நேர் எதிரே இருக்கிறது. அவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தால் எனக்கு ரேடியோ தேவையில்லை.

மழை விட்ட வாரமே அக்கா தன் கலப்பையை டிராக்டரில் மாட்டிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார்.

"இதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடு."

கூட வந்த தம்பி குறுக்கே வந்து நின்றார். "அக்கா, அவசரப்படாதே. அகல உழுறதை விட ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"சொன்னவங்க நம்ம சரிவுல ஒரு மழைக்காலம் குடியிருந்து பாத்திருக்கணும். வாயைத் திறந்திருக்க மாட்டாங்க."

உழாமலே விதைப்பது என்று முடிவெடுத்துவிட்டார். அறுவடையான தாள் அப்படியே நிலத்தில் நிற்கும். அதற்கு நடுவே மிஷின் ஒரு கீறல் போட்டு, விதையை உள்ளே இறக்கி, மண்ணை மூடிக்கொண்டே போகும். இதற்கு இரண்டு வகை மிஷின் உண்டு. ஒன்றில் வட்டத் தட்டுகள் சுழன்று கத்தி மாதிரி மண்ணை வெட்டும். இன்னொன்றில் வரிசையாகக் கொழுக்கள், கூரான இரும்பு முனைகள், இருக்கும். விரலால் கீறுவது போல அவை மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். தட்டு மிஷின் புதுசு, பளபளப்பு. கொழு மிஷினைப் பழைய காலத்துச் சாமான் என்பார்கள்.

சங்கத்தில் ஆறு பண்ணைகள். ஆறு பேரும் பங்கு போட்டு ஒரு தட்டு மிஷின் வாங்குவதென்று தலைவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். தலைவர் வேறு யாருமில்லை, அக்காவின் பெரியப்பா மகன். ஐந்து கையெழுத்து விழுந்தாயிற்று. ஒப்பந்தத் தாள் அக்காவிடம் வந்தது.

"என் வயல்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்கண்ணே. அப்புறம் போடறேன்."

"கம்பெனிக்காரன் அவன் வயல்ல ஓட்டிக் காட்டினானே, நீயும்தானே வந்தே?"

"அது மேஜை மாதிரி இருக்கிற நிலம். கண்ணை மூடிக்கிட்டு ஸ்பூனால விதைச்சாக்கூட அங்க முளைக்கும்."

விற்பனைக்காரர் வந்தார். காலில் புது பூட்ஸ். மிஷினை டிராக்டரோடு மாட்டும் பின் ஒன்று சேரவில்லை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். காலை எட்டு மணி. வைக்கோல் பனியில் நனைந்து கிடந்தது.

"கொஞ்சம் வெயில் ஏறட்டும் மேடம். காய்ஞ்சதுக்கப்புறம் ஓட்டினா சுத்தமா வெட்டும்."

"விதைக்கிற நாள்ல வெயில் என்னைக் கேட்டுக்கிட்டா வரும்? இப்பவே ஓட்டுங்க."

மிஷின் சரிவில் ஏறி இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மண் கலைந்ததே தெரியவில்லை. தலைவர் என்னைப் பார்த்து, எப்படி என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். அக்கா முழங்காலிட்டு உட்கார்ந்து, கையால் ஒரு கீறலைப் பிரித்தார். ஈர வைக்கோலைத் தட்டு வெட்டவில்லை. மடித்துக் கீறலுக்குள் திணித்துவிட்டுப் போயிருந்தது. அதன்மேல் விதை, மெத்தையில் படுத்த மாதிரி, மண்ணையே தொடாமல் கிடந்தது. பத்தடி தள்ளி இன்னொன்றைப் பிரித்தார். அங்கும் அப்படியே. கல் இருந்த இடங்களில் தட்டு கல்லின் மேல் ஏறிக் குதித்திருந்தது. விதை வெளியே கொட்டிக் கிடந்தது.

"இது முளைக்குமா, அழுகுமா? நீங்களே சொல்லுங்க."

விற்பனைக்காரர் பூட்ஸைப் பார்த்தார். "பெரும்பாலும் முளைச்சிடும் மேடம்."

"அப்போ நானும் பணத்தைப் பெரும்பாலும் குடுத்திடறேன்."

அன்று சாயங்காலம் சங்கத்தில் சத்தம் என் பட்டறைவரை கேட்டது. ஊரே ஒத்துக்கொண்டதை ஒருத்தி மட்டும் மறுப்பதா என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

"ஊரோட ஒத்துப் போ தங்கச்சி" என்றார் தலைவர்.

"உங்க நிலமெல்லாம் சமம், கல்லு கிடையாது. உங்களுக்கு அது சரியா வரலாம், நான் வேணாம்னு சொல்லலை. ஆனா ஆறு பேருக்கும் ஒரே அளவு செருப்பு வாங்கிட்டு, கால் சேராதவளை விரலை வெட்டிக்கோன்னு சொல்லாதீங்க."

"அறுவடை மிஷினும் சங்கத்தோடதுதான். அதையும் ஞாபகத்துல வெச்சுக்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வெச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்தார். ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பழைய கொழு மிஷின் எங்கயாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைத்தது. பண்ணையை மூடிக்கொண்டு போன ஒருவரின் கொட்டகையில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த மிஷின். துருவைச் சுரண்டி, அகலக் கொழுக்களைக் கழற்றிவிட்டு, மண் அதிகம் கிளறாத ஒல்லிக் கொழுக்களை மாட்டினோம். தம்பியும் வந்து போல்ட் முடுக்கினார். அவர் முழுமனதோடு செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

முதல் விதைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது. கல்லைக் கொழு அசால்ட்டாக ஒதுக்கித் தள்ளியது, அதில் குறையில்லை. ஆனால் நீள வைக்கோல் கொழுக்களுக்கு நடுவே சிக்கி, ஐம்பதடிக்கு ஒருமுறை மிஷினுக்கு முன்னால் வைக்கோல்போர் போல் குவிந்தது. அக்கா இறங்கிக் கையால் பிடுங்கிப் போட்டு மறுபடி ஏறுவார். ரோட்டில் போன சங்கத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா விதைக்கிறாங்களா, கூடு கட்டறாங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"கட்டி முடிச்சதும் கூப்பிடறேன், வந்து முட்டையிட்டுட்டுப் போ" என்றார் அக்கா, டிராக்டரில் இருந்தபடியே.

அன்று மத்தியானம் தம்பி பொறுமையிழந்துவிட்டார். "அக்கா, போதும். அண்ணன்கிட்ட போய்ப் பேசிக்கலாம். எனக்கு ரோட்டுல தலைகாட்ட முடியலை."

"தலைகாட்ட வேணாம், வந்து கைகாட்டு. எந்தக் கொழுவுல முதல்ல சிக்குதுன்னு பின்னாடி நடந்து பாத்துச் சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தார். நடு வரிசையில்தான் முதலில் சிக்குகிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். மறுநாள் மிஷின் என் பட்டறைக்கு வந்தது. மூன்று வரிசையாக நெருக்கி இருந்த கொழுக்களை, சட்டத்தை நீட்டி நான்கு வரிசையாக்கினேன். இடைவெளி கூடியதும் வைக்கோல் வழுக்கிப் போனது. அதற்குப் பிறகும் சிக்கியது, ஆனால் வயலுக்கு இரண்டு மூன்று தடவைதான்.

பயிர் வந்தது. பிரமாதம் என்று சொல்லமாட்டேன். பள்ளத்து மூலையில் ஈரம் அதிகமாகி ஒரு துண்டு வெறுமையாகவே நின்றது. ஆனால் சரிவில் வரிசை தவறாமல் முளைத்திருந்தது. அந்த வருஷத்துப் பெருமழையில் ரோட்டுக்கு இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தது. குடையோடு போய் நின்று பார்த்துவிட்டு வந்து அக்கா என்னிடம் சொன்னார்: "லாரிக்காரனுக்கு இனிமே இங்க வேலையில்லை."

அக்கா அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கமே போகவில்லை. தலைவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அறுவடை மிஷின் ஐந்து பண்ணைக்கும் போனது, மேட்டுக்கு மட்டும் வரவில்லை. முற்றிய கோதுமை நின்றுகொண்டிருந்தது, மேகமும் கூடிக்கொண்டு வந்தது. தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா போன் போட்டுப் போட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் வாடகைக்கு அறுவடை மிஷின் ஓட்டும் ஒருவரைப் பிடித்தார். அவர் மிஷினில் வைக்கோலைப் பொடியாக நறுக்கிச் சீராகத் தூவும் அமைப்பு இருந்தது. அடுத்த விதைப்பில் கொழு மிஷின் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

மற்ற ஐந்து பேரும் சேர்ந்து வாங்கிய சங்கத்தின் தட்டு மிஷின் சமவெளியில் நன்றாகவே விதைத்தது. அதை அக்காவே ஒப்புக்கொள்வார். ஆனால் தலைவருக்கும் குன்றோரத்தில் கல் நிறைந்த ஒரு துண்டு நிலம் உண்டு. இரண்டு வருஷம் அங்கே பாதிகூட முளைக்கவில்லை. மூன்றாம் வருஷம் அவர் மேட்டுக்கு நடந்தே வந்தார்.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு உன் மிஷினைக் குடு."

"தர மாட்டேன்."

அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"நில்லுங்கண்ணே. மிஷினைத் தர மாட்டேன்னுதான் சொன்னேன். நானே வந்து ஓட்டித் தர்றேன்."

மறுநாள் அக்கா அந்தத் துண்டை விதைத்து முடிக்கும்வரை தலைவர் வரப்பிலேயே நின்றார். முடிந்ததும் டிராக்டர் கிட்டே வந்து, பழையதை மறந்துவிட்டுச் சங்கத்துக்கே திரும்ப வந்துவிடச் சொன்னார். இந்த முறை அறுவடைக்கு முதல் ஆளாக மேட்டுக்கே மிஷினை அனுப்புவதாகவும் சொன்னார்.

"முதல்ல எனக்கு அனுப்பறேன்னு, நான் கையெழுத்துப் போட மாட்டேன்னப்போ சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. "உங்க நிலத்துக்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, வர்றேன். சங்கத்துக்கு வர மாட்டேன்."

விதைப்பெட்டியின் மூடியைச் சாத்தி, கொழுக்களை மேலே தூக்கிக்கொண்டு டிராக்டரை ரோட்டில் ஏற்றினார். மேட்டில் இன்னும் பயறு விதைக்க வேண்டியிருந்தது.