கழுத்தில் தொங்கிய சாவி

மருந்து அலமாரிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி தலைமை நர்ஸ் இன்று சொன்னார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஏற்காட்டில் துரையின் காப்பி எஸ்டேட்டில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், மாமா சந்தேகப்பட்டு அத்தையைத் தினமும் உள்ளே வைத்துப் பூட்டுவார். வேலையிடத்தில் காப்பிச் செடிக்குள் சாவி விழுந்தால் கிடைக்காது என்று அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவார். உள்ளே ஓர் அடுப்பு, ஒரு பாய், ஓர் உலக்கை; ஜன்னல் இல்லை. அத்தை ஓயாமல் நடப்பது வெளியே கேட்கும்.

“மூச்சு முட்டுது சாமி, தெறந்து உடு.”

“மாமா அடிப்பாருங்க அத்தை.”

ஒரு மாலை மாமா கதவைத் திறந்ததும் உலக்கை அவர் தலையில் இறங்கியது. விழுந்தவர் எழவில்லை. அத்தை வெளியே பனிமூட்டத்தில் வந்து நின்றாள்.

“எஸ்டேட் கணக்கு ரைட்டரைக் கூட்டிட்டு வா கண்ணு. மெதுவாவே போ. அதுவரைக்கும் நான் வெளிய கொஞ்சம் நடந்துட்டிருக்கேன்.”