ஒத்தப்பை

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. வேலை இரத்த வங்கியில். வார்டுகள் வைத்த பெயர் ‘ஒத்தப்பை’. சும்மா வைப்பார்களா? அங்கே ரத்தம் கேட்டால் இரண்டு பையாகத்தான் கேட்பார்கள். யார் தொடங்கிய வழக்கமோ, செருப்பு வாங்குவது போல ஜோடியாகவே கேட்டுப் பழகிவிட்டது. ஒரு பை ஏற்றி, ஆளையும் ரத்த அளவையும் பார்த்து, தேவையென்றால்தான் அடுத்தது என்று பெரிய டாக்டர்கள் விதியை மாற்றினார்கள். போனில் திட்டு வாங்குகிற வேலை மட்டும் இவள் தலையில் விழுந்தது. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கென்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பாள். மற்றவர்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

“முதல்ல ஒண்ணு ஏத்துங்க சார். பத்தலைன்னா பாத்துட்டு இன்னொண்ணு தரேன்.”

பிறகு அவளுடைய அண்ணனுக்கே இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். ஒரு பை ஏறி முடிந்ததும் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊருக்கெல்லாம் ரத்தம் குடுக்கற. கூடப் பொறந்தவருக்கு இன்னொண்ணு குடுக்க மனசு வரலையா?”

“அண்ணனுக்கு இதயம் பலவீனம், அண்ணி. அதிகமா ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். மூச்சு முட்டும்.”

“அவர் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்லு.”

பார்த்தாள். வார்டு டாக்டரோ, “ஒண்ணு போதும்னுதான் தோணுது. பயமா இருந்தா இன்னொண்ணு எழுதறேன்” என்றார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எத்தனையோ பேருடைய அண்ணன்மாருக்குச் சொன்னதைத் தன் அண்ணனுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது?

“முதல்ல அளவைப் பாருங்க சார்” என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “பத்தலைன்னா பாத்துட்டு இன்னொண்ணு தரேன்.”

அண்ணி கையை உதறிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அளவு ஏறியிருந்தது. இன்னொரு பை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலையில் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று எல்லாரையும் அதட்டினார். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

அண்ணி பிளாஸ்க்கைத் திறந்து, அரை டம்ளர் டீ ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

“இவ்வளவுதானா அண்ணி?”

“முதல்ல இதைக் குடி. பத்தலைன்னா பாத்துட்டு இன்னொண்ணு தரேன்.”