கிளவுடு சான்றிதழ் வாங்கிய கதை

என் சான்றிதழுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. பாலவனத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அப்போதுதான் வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த வேலைக்கென்று கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் இருந்தபோது பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழ் அது. அதற்காகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு பழைய கணினிகளைக் கேபிளால் இணைத்து, நானே கெடுத்து, நானே சரிசெய்து பழகியிருந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது மாமனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அவர் மானாவாரி நிலத்தில் பருத்தியும் கம்பும் போடுகிறவர்.

“என்னத்தா, ஒரு மாதிரியா இருக்க?”

“நான் படிச்சு வாங்குன சர்டிபிகேட்டு இனிமே செல்லாதாம் மாமா. அந்தப் பரீட்சையவே எடுத்துட்டாக. கிளவுடுல புதுசா எழுதணுமாம்.”

“நீ படிச்சது ஒனக்கு மறந்து போச்சா?”

“இல்ல மாமா.”

“அப்புறம் எப்படிச் செல்லாமப் போகும்?” என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

படிக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தமில்லை. நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர்களை விட்டுவிட்டு, எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிகளின் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கிப் பல வருடங்களாகிவிட்டன. அதைத்தான் கிளவுடு என்கிறார்கள். கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மாலையில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். பிடித்துத்தான் படித்தேன்.

எங்கள் டீமில் எம்.ரெட்டியபட்டிக்காரத் தம்பி ஒருவன் இருந்தான். அவனும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். என்னைவிட வயதில் சிறியவன், பேச்சில் இனிமையானவன். ஒரு நாள் போன் செய்தான்.

“அக்கா, பொஸ்தகத்தப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீகளாமே. ஒரு ஃபைல் அனுப்பிருக்கேன், பாருங்க. அதுல இருக்கதுதேன் அப்படியே வரும்.”

திறந்து பார்த்தேன். பரீட்சை எழுதியவர்கள் திருடிக்கொண்டு வந்த கேள்விகளும் விடைகளும். கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லாதபடி, விடையின் முதல் இரண்டு வார்த்தைகளுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். சில விடைகள் தப்பு. அவற்றுக்குப் பக்கத்தில், ‘இது தவறு, ஆனாலும் மார்க் இதற்குத்தான், இதையே போடவும்’ என்று யாரோ குறித்திருந்தார்கள். எச்சில் இலையை என் முன்னால் விரித்துச் சாப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

“எனக்கு வேணாம் தம்பி,” என்றேன்.

“எல்லாரும் இதத்தேன் பாக்காக. நம்ம டீம் லீடே இதப் பாத்துத்தேன் எழுதுனாரு,” என்று சிரித்தான்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முகம் நமக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அன்று காலையில் அறையைத் துடைத்து, மேசையைக் காலி செய்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. மேசைக்கு அடியில் காட்டச் சொன்னது. சுவரில் இருந்த முருகன் காலண்டரைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னது. தலைமுடியை ஒதுக்கி, காதுக்குள் எதுவும் இல்லை என்று இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னது. தோட்டைக் கழற்றினேன்.

பிறகு, கழுத்தில் சேலைக்குள் போகும் சங்கிலியில் என்ன இருக்கிறது என்று கேட்டது. தாலி என்றேன். வெளியே எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுங்கள் என்றது.

எடுத்துக் காட்டினேன். யாரென்று தெரியாத ஒருவனுக்கு, என் வீட்டு மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் என்றது. காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் பரீட்சையைத் திறந்துவிட்டது. தாலியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு கேள்விகளைப் படிக்கத் தொடங்கினேன்.

பாதிக்கு மேல் எழுதியிருப்பேன். கீழே முற்றத்தில் மாமனார் போனில் பருத்தி லோடு ஏற்ற வேண்டிய வண்டிக்காரரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “ஏலே, வாரேன் வாரேன்னு எத்தன தடவ சொல்லுவ?” என்று அவர் கேட்டது மாடிக்குத் தெளிவாகக் கேட்டது. உடனே திரை நின்றுவிட்டது. அறையில் இன்னொருவர் குரல் கேட்பதால் பரீட்சையை ரத்து செய்வதாக எழுத்து வந்தது. அது கீழே இருப்பவரின் குரல், பருத்தி விஷயமாகப் பேசுகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் யாருமில்லை.

குளியலறைக்குப் போய் முகத்தையும் கழுத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய பிறகும் அந்தக் குரல் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. நடந்ததை மாமனாரிடம் சொல்லவில்லை. தன் குரலால்தான் போனது என்று தெரிந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

திரும்பவும் விண்ணப்பித்து, மதுரையில் ஒரு மையத்துக்கு நேரிலேயே போய் எழுதினேன். தேர்ச்சி பெற்றேன். அந்தத் தம்பி அதற்கு முன்பே தேறியிருந்தான், என்னைவிட அதிக மதிப்பெண்ணோடு.

ஒரு மருத்துவமனையின் கோப்புகளைக் கிளவுடுக்கு மாற்றும் வேலை அப்போது எங்கள் டீமுக்கு வந்தது. மதிப்பெண்ணைப் பார்த்து லீடு அவனைப் பொறுப்பில் போட்டார். சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடித்துவிட்டான். எல்லோரும் வாழ்த்தினார்கள், நானும் வாழ்த்தினேன். பிறகு ஒரு மாலையில், முடிந்த வேலையைச் சரிபார்ப்பது என் முறையாக வந்தது. ஒரு கோப்பின் முகவரியை எடுத்து, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் என் சொந்தப் போனில் போட்டுப் பார்த்தேன்.

திறந்துகொண்டது.

ஒரு பெண்ணின் கர்ப்பப்பை ஸ்கேன் அறிக்கை. பெயர், வயது, கணவர் பெயர், திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றின் முகவரி. கீழே, டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டிய நான்கு வரிகள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவன் கோப்புகளைப் போட்டுவைத்த கிளவுடு பெட்டகம் முழுவதையும் பூட்டாமல் விட்டிருந்தான். பரீட்சைக்கான முதல் பாடத்திலேயே வருகிற விஷயம் இது. போனைக் கவிழ்த்து வைத்தேன். யாரோ ஒருத்தி துணி மாற்றிக்கொண்டிருக்கும் அறையின் கதவை நான் தெரியாமல் திறந்துவிட்டதுபோல உடம்பு கூசியது.

உடனே எல்லாவற்றையும் பூட்டிவிட்டு லீடை அழைத்துச் சொன்னேன்.

“மூடிட்டீங்கல்ல? அப்போ ஓகே. மெயில்ல எதுவும் போடாதீங்க.”

“ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேணாமா சார்? அத்தனை பேரோட ரிப்போர்ட்டு.”

“யாரும் பார்த்திருக்க மாட்டாங்க மேடம். தேவையில்லாம எதுக்குப் பெருசாக்கணும்?”

எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் மருத்துவமனையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரை நானே அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“இப்பப் பூட்டியாச்சுல்லங்க?” என்றார்.

“பூட்டியாச்சு. ஆனா எத்தனை பேரு பாத்தாங்கன்னு தெரியாது.”

“அப்ப விடுங்க. எங்க மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்னையத்தான் கேப்பாங்க.”

போனை வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்கு நிற்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் அந்தத் தம்பிக்கு நிறுவனத்தில் விருது கொடுத்தார்கள். இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். மாமனார் அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டுப் பருத்திக் காட்டுக்குக் கிளம்பினார். அவர் தெருவைத் தாண்டிய பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்கு நீங்க போன் பண்ணுனீகளாம். லீடு சொன்னாரு. எனக்கு வருத்தந்தேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“உங்கிட்டச் சொன்னா என்ன செஞ்சிருப்ப?”

“பூட்டியிருப்பேன்.”

“நானும் அதத்தான் செஞ்சேன். பெறகுதான் சொன்னேன். நான் தொறந்து பாத்தது ஒரு பொம்பளையோட ஸ்கேன் ரிப்போர்ட்டு தம்பி. திருச்சுழிப் பக்கம்.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தில் இருந்த இனிமை போய்விட்டது.

“எங்க அம்மாவுக்கும் அங்கதேன் பாத்தோம் அக்கா. கட்டி எடுத்தப்ப. அதுவும் அதுக்குள்ள இருந்திருக்குமா?”

“தெரியாது. ஒண்ணத்தான் தொறந்தேன். இன்னொண்ணத் தொறக்க எனக்குப் புடிக்கல.”

அவன் எழுந்து, “போறேன் அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனான். பாவம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடமே, சொந்த அம்மா ஞாபகம் வந்தால்தான் இவர்களுக்கு அடுத்தவர் உடம்பு கண்ணுக்குத் தெரியுமா என்று எண்ணி, அவன் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தேன்.

வேறு டீமுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கேட்டேன். காரணம் கேட்காமலே மாற்றிவிட்டார்கள். நான் போவது அவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது நான் பார்ப்பது ஒரு நூற்பாலையின் கணினிகளை. அவன் இன்னும் இரண்டு சான்றிதழ்கள் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எப்படி வாங்கினான் என்று நான் விசாரிக்கவில்லை.